முதலைகளா, லிவியாதானா? சங்கீதம் 74:14 பற்றி

எழுபத்துநான்காம் சங்கீதத்தை நம் பழைய தமிழ் வேதாகமத்தில் வாசிப்போர் பதினான்காம் வசனத்தில் முதலைகளைக் காண்கின்றனர். எபிரெய மூலத்திலோ முதலை இல்லை. லிவியாதான் என்னும் பெயரே உளது. யோபு 41:1, ஏசாயா 27:1 ஆகிய இடங்களில் அப்பெயரை அவ்வாறே காத்த 1871 ஆம் ஆண்டுத் திருப்புதல் இங்கு அதனைக் கைவிட்டது. விளைவு ஒன்றை நோக்குக. மூலத்தில் லிவியாதான் ஒருமை, தலைகள் பன்மை. ஒரு முதலைக்குப் பல தலைகள் இரா. ஆகவே முதலையும் பன்மையாக வேண்டியதாயிற்று!

ஹென்றி பவரையும் அவருடன் உழைத்தோரையும் இதன்பொருட்டுக் குறைகூறுதல் முறையன்று. 1663 இல் பொஷார் என்னும் அறிஞர் லிவியாதான் முதலையே என்று வாதித்தது முதல் பலரும் அக்கருத்தையே பின்பற்றினர். எசேக்கியேல் 29 ஆம் அதிகாரம் பார்வோனை நதியிற் கிடக்கும் பெரும் பிராணியாகக் காட்டுவதும் அதற்குத் துணைநின்றது. சிரியாவின் கடற்கரையையடுத்த ராஸ் ஷாம்ராவில் 1929 இல் அகழாய்வு தொடங்கிய பின்னரே உகாரித் நகரின் களிமண் ஏடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் பாகால் காவியம், ஏழு தலைகளையுடைய லோத்தான் என்னும் சர்ப்பத்தைப் பாகால் வீழ்த்தியதாகக் கூறுகின்றது. ஏசாயா 27:1 லிவியாதானுக்கு வழங்கும் அடைமொழிகள் இரண்டும் அவ்வேட்டில் லோத்தானுக்கு உரியனவாய் நிற்கின்றன. பெயரும் ஒன்றே.

இதனை ஒப்புக்கொண்டால் திருமறை புறஜாதியாரின் கதைக்குக் கடன்பட்டதாகிவிடும் என்று மாணவர் சிலர் அஞ்சுகின்றனர். அச்சத்தை நீக்க விலங்கியலைத் துணைக்கழைக்கும் பிரசங்கிமாரும் உளர். யோபு 41 இல் டைனோசரைக் கண்டுபிடிப்போர் முதலையினும் பெரிய விலங்கொன்றைக் கண்டனரேயன்றி, வசனத்தின் பொருளை அணுகினாரல்லர்.

சங்கீதம் எழுந்த சூழலை நினைவுகூர்வோமாக. பரிசுத்த ஸ்தலம் தீக்கிரையாயிற்று, தீர்க்கதரிசியும் இல்லை. சத்துருவின் தேவர்கள் வென்றுவிட்டனரோ என்பதே அந்நாளின் உண்மையான வினா. அந்நிலையில் சங்கீதக்காரன், கானானியர் பாகாலுக்குச் சூட்டிய வெற்றியை எடுத்து, அது கர்த்தருடையது என்று சாதிக்கின்றான். 13 முதல் 17 வரையுள்ள வசனங்களில் ‘நீர்’ என்னும் சொல்லை எபிரெயம் ஏழுமுறை அழுத்தமாய் ஒலிக்கச் செய்கின்றது. பாகால் அல்லன், நீரே என்பது அதன் தொனி. முதலைகளை நசுக்கியதாக வாசிக்கும்போது இவ்வழக்காடல் முற்றும் மறைந்துபோகின்றது. சாம்பலின் நடுவே நின்றவர்களுக்கு வேட்டைக்காரர் ஒருவரால் ஆவதென்ன? பலதலைச் சர்ப்பம் என்றால் திகைக்கும் வாசகரல்லர் நம்மவர். ஆதிசேடனையும் காளியனையும் கேட்டறிந்தவர்களே. சங்கீதத்தின் அறைகூவல் அவர்களுக்கு எளிதிற் புரிந்திருக்கும்.

வேதாகமம் இப்பழங்கதையை எங்கும் ஒரே விதமாய்க் கையாளவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. சங்கீதம் 104:26 இல் போரே இல்லை. லிவியாதான் கடலில் விளையாடும் சிருஷ்டியாய் இருக்கின்றது. ஆதியாகமம் 1:21 இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. அங்கு ‘மகா மச்சங்கள்’ என நாம் வாசிப்பது ‘தன்னீனீம்’ என்னும் சொல். சங்கீதம் 74:13 இல் ‘வலுசர்ப்பங்கள்’ எனப்பட்டதும் அதுவே. வானத்தையும் பூமியையும் மனிதனையும் படைத்தமைக்கு வழங்கும் ‘பாரா’ என்னும் வினைச்சொல் இவற்றுக்கும் தரப்படுகின்றது. பிறர் தேவருக்கு எதிரியாக்கிய ஒன்றை ஆதியாகமம் ஐந்தாம் நாளின் படைப்புப் பட்டியலிற் சேர்த்துவிட்டது. மச்சம் என்ற சொல்லில் அந்தத் துணிவு தெரியவில்லை.

1995 இல் வெளிவந்த திருவிவிலியம் 74:14 இல் லிவியத்தான் என்றே எழுதுவதை நாம் வரவேற்கின்றோம். எனினும் நம் சபைகளிற் பெரும்பாலும் வாசிக்கப்படுவது பழைய திருப்புதலே. அதன் சொல்லை மாற்றுவது எளிதன்று. பிரசங்கத்தில் விளக்குவது எளிது. அவ்வாறே சங்கீதம் 89:10 இல் நொறுக்கப்படும் ராகாபையும் விளக்குதல் வேண்டும். எபிரெயத்தில் அது எரிகோவின் ராகாப் பெயரினின்று வேறான எழுத்துடையது. தமிழில் இரண்டும் ஒன்றாகிவிட்டமையால், ஒற்றரை மறைத்துக் காத்த அப்பெண்ணைக் கர்த்தர் ஏன் நொறுக்கினார் என்று கேட்கும் விசுவாசிக்கு மறுமொழி சொல்லும் பொறுப்பு போதகருடையது.