சிறைப்பட்டோருக்காகப் பசித்திருத்தல்: காஞ்சிபுரத்தை முன்வைத்து ஓர் இறையியல் திறனாய்வு

உபவாசம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் சபையார் நினைவில் எழுவன லெந்து நாட்களும் உபவாச ஜெபக் கூட்டங்களுமே. வீதியில் அதே செயல் உண்ணாவிரதம் என்று பெயர் பெறுகிறது. முன்னது பக்தி, பின்னது அரசியல் எனப் பிரித்து வைத்து நாம் அமைதி அடைகிறோம். சிறைப்பட்டோருக்காகப் பிறர் பசித்திருந்த ஒரு நிகழ்ச்சியை முன்வைத்து, இப்பிரிவினை திருமறைக்கு முன் நிற்குமா என்பதையும், அப்போராட்டத்தின் மொழி எங்கே நிமிர்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதையும் ஆராய்வதே நம் நோக்கம்.

நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவ்வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்குத் தூக்குத் தண்டனையை உறுதி செய்தது. நளினிக்கு 2000-இல் அது ஆயுள் தண்டனையாயிற்று. எஞ்சிய முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய மூவரின் கருணை மனுக்கள் 2011 ஆகஸ்டில் தள்ளப்பட்டு, செப்டம்பர் 9 தூக்கு நாளாகக் குறிக்கப்பட்டது. தமிழகமெங்கும் இயக்கம் எழுந்தது. சென்னை கோயம்பேட்டில் மூன்று பெண் வழக்கறிஞர்கள் காலவரையற்ற உண்ணாவிரதம் மேற்கொண்டனர். பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்திலோ, மக்கள் மன்றம் என்னும் அமைப்பில் பணியாற்றிய செங்கொடி என்னும் இளம்பெண் ஆகஸ்ட் 28 அன்று தீயில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தூக்கிலிடுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தண்டனையைக் குறைக்கக் கோரிச் சட்டமன்றமும் அன்றே தீர்மானம் நிறைவேற்றியது. 2014-இல் மூவரின் தண்டனையும் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 2022 மே மாதத்தில் பேரறிவாளனும், நவம்பரில் ஏனைய அறுவரும் விடுதலை பெற்றனர்.

முதலாவதாக, உண்ணாவிரதத்தைக் காண்போம். தண்டிக்கப்பட்டவரைச் சூழ்ந்த இரு உபவாசங்களைத் திருமறை நமக்குக் காட்டுகிறது. தானியேல் ஆறாம் அதிகாரத்தில், தானே கையொப்பமிட்ட சட்டத்தால் தானியேலைச் சிங்கக் கெபிக்கு அனுப்பிய தரியு அரசன், அன்றிரவு உணவின்றியும் உறக்கமின்றியும் கழிக்கிறான். அப்போஸ்தலர் நடபடிகள் இருபத்து மூன்றாம் அதிகாரத்திலோ, காவலில் இருக்கும் பவுலைக் கொல்லும்வரை உண்பதில்லை என்று நாற்பதுக்கு மேற்பட்டோர் சபதம் செய்கின்றனர். இரண்டும் பசிதான். ஒன்று உயிர் பிழைக்க ஏங்குகிறது. மற்றொன்று உயிரைப் பறிக்கக் காத்திருக்கிறது. ஆகவே, உண்ணாதிருத்தல் தன்னளவில் புனிதமானதன்று. அது யாருக்காக, எதன் பொருட்டு, யார்மேல் பாரத்தைச் சுமத்தி நிகழ்கிறது என்பதே கேள்வி.

இக்கேள்வியை நம் நாட்டு வரலாறும் எழுப்புகிறது. 1929-இல் லாகூர்ச் சிறையில் 63 நாள் பசித்திருந்து இறந்த ஜதீன் தாஸ், அரசியல் கைதிகளை மனிதராக நடத்துமாறு ஆட்சியாளரிடம் கேட்டார். 1932 செப்டம்பரில் எரவாடாச் சிறையில் காந்தியடிகள் மேற்கொண்ட உண்ணாவிரதமோ தாழ்த்தப்பட்டோரின் தனித்தொகுதியை எதிர்த்தது. அதன் பாரம் அம்பேத்கர்மேல் இறங்கியது. வலியோரை நோக்கிய பசி விண்ணப்பமாகும். எளியோர்மேல் இறங்கும் பசி நெருக்கடியாகிவிடும். இவ்வளவுகோலால் நோக்கும்போது, கோயம்பேட்டின் பசி அரசை நோக்கிய விண்ணப்பமே. ஏசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரம், கட்டுண்டோரை விடுவிக்கும் செயலையே கடவுள் விரும்பும் உபவாசமாகக் காண்கிறது. நாம் வகுத்த பிரிவினை அங்கே நிற்கவில்லை.

இரண்டாவதாக, காஞ்சியில் நிகழ்ந்த மரணத்தைக் குறித்த மொழி. அதன்பின் எழுந்த பேச்சுகளில் ஈகம், தியாகம் என்னும் சொற்கள் நிறைந்தன. அந்த இளம்பெண்ணின் இரக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் அம்மரணத்தை முன்மாதிரியாக உயர்த்திய மொழியை நாம் ஏற்க இயலாது. உண்ணாவிரதம் எதிராளிக்கு மறுமொழி கூற நாட்களை அளிக்கிறது. மறுமொழி வந்தபோது உண்டு எழ இடமுண்டு. தீயோ எவருடைய மறுமொழிக்கும் காத்திராது. மேலும், 2014-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையைக் குறைத்ததற்குக் காட்டிய காரணம், கருணை மனுக்கள்மீது முடிவெடுப்பதில் நேர்ந்த நீண்ட காலதாமதமே. சட்டத்தையும் ஆவணங்களையும் பொறுமையாய்ப் பயின்றோரின் உழைப்பு அங்கே பலித்தது. விடுதலை பெற்றவர்களை வரவேற்க அவரும் இருந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் 1 கொரிந்தியர் 13:3 நமக்கு உதவுகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பு, உடலைச் சுட்டெரிக்கக் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் சினாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி முதலிய தொன்மையான கிரேக்கப் படிகளில் பெருமை பாராட்டும்படி உடலைக் கொடுத்தல் என்னும் பொருள் காணப்படுகிறது. கிரேக்கத்தில் வேறுபாடு ஏறத்தாழ ஓர் எழுத்தே. எப்பாடத்தைக் கொண்டாலும் பவுலின் தீர்ப்பு ஒன்றே: அன்பே அளவு, உடல் அழிவு அளவன்று. கிறிஸ்து தம் உயிரைத் தாமே கொடுக்கவில்லையா எனச் சிலர் கேட்கலாம். அவர் சாவைத் தேடிச் செல்லவில்லை. கெத்செமனேயில் அப்பாத்திரம் நீங்கும்படி மன்றாடினார். அவரைக் கொன்றவர் பிறர்.

மூன்றாவதாக, இயக்கத்தின் மொழியில் ஒரு குறை உண்டு. ஸ்ரீபெரும்புதூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. அங்கே தலைவர் ஒருவர் மட்டும் மாளவில்லை. காவலரும் எளிய பொதுமக்களும் உடன் மாண்டனர். அவர்தம் குடும்பங்களின் பெயர்கள் மேடைகளில் அரிதாகவே ஒலித்தன. தூக்குத் தண்டனையை எதிர்ப்பதற்குக் கொலையுண்டோரை மறக்க வேண்டுவதில்லை. காயீனைப் பழிவாங்காதபடி அடையாளமிட்ட கடவுள், ஆபேலின் இரத்தத்தின் குரலையும் கேட்டவரே. இவ்விரண்டையும் ஒருங்கே அறிவிப்பது திருச்சபைக்குரிய பணி.

இறுதியாக, ஆயர்களாகிய நமக்கு ஒரு சொல். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 226-ஆம் பிரிவு, அரசு ஊழியரின் கடமையை வற்புறுத்தவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வதைத் தண்டிக்கிறது. சிறையில் பசித்திருப்போர்மேல் இது பாயுமோ என்னும் அச்சம் நியாயமானது. வலிந்து உணவூட்டுதல் கூடாது என்று உலக மருத்துவர் சங்கம் மால்டா அறிக்கையில் கூறியுள்ளது. இவற்றை அறியாமல் சிறை ஊழியம் செய்ய இயலாது. சிறைக்குச் சென்று கைதியைக் காண்பது, அவர் தாயின் வீட்டுக்கும் கொலையுண்டோர் வீட்டுக்கும் செல்வது, மனுக்களை எழுத உதவுவது, வேண்டுமாயின் வெளிப்படையாய் உடன் பசித்திருப்பது ஆகிய யாவும் நமக்குத் திறந்துள்ளன. அதே வேளையில், பிறர் துயரைத் தாங்கமாட்டாமல் தம் உயிரையே பொருட்படுத்தாத நிலைக்கு வரும் இளைஞர் நம் வாலிபர் கூட்டங்களிலும் இருக்கக்கூடும். அவர்களைத் தனியே விடாமல் அருகிருந்து செவிகொடுப்பதும், அவர் உயிரும் கடவுளுக்கு அருமையானது என்று கூறுவதும் மேய்ப்புப் பணியின் பகுதியே.