என்டருக்குப் பிறகு

கிளவுட் கன்ட்ரோலர், டாஷ்போர்டு என்று நெட்வொர்க் உலகம் நகர நகர, கட்டளை வரியை (சிஎல்ஐ) பற்றிய ஒரு பெருமிதம் மறுபடி தலைதூக்கியிருக்கிறது. பயிற்சி மையங்களில் வகுப்பெடுப்பவர்கள், நேர்காணல் நடத்துபவர்கள், பணியில் மூத்தவர்கள் எனப் பலரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். சிஎல்ஐ தெரியாதவன் நெட்வொர்க் இன்ஜினியரே இல்லை. அது நாம் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் செய்கிறது. தவறு நேர்ந்தால் அது அடித்த கையின் தவறு. முதலாவதை ஏற்கலாம், இரண்டாவதையும் பெரும்பாலும் ஏற்கலாம். மூன்றாவதை நான் பல ஆண்டுகளாக மறுத்துவருகிறேன். மறுப்பதற்குப் பெரிய விபத்து எதுவும் தேவையில்லை. தொலைவில் இருக்கும் ஒரு சுவிட்சின் ஐபி முகவரியை மாற்றுகிற அன்றாட வேலை போதும்.

கட்டளை வரியின் பலம் எனக்கும் தெரியும். வலைப்பக்கம் திறக்காத மந்தமான இணைப்பிலும் அது ஓடும். நெட்வொர்க்கே செத்துக் கிடந்தாலும் கன்சோல் கேபிளைச் செருகி 9600 பாட் வேகத்தில் உள்ளே போய்விடலாம். செய்த வேலை எழுத்தாக மிஞ்சும். அதை அடுத்த ஷிப்ட்காரருக்கு அப்படியே அனுப்பலாம், ஸ்கிரிப்டாக்கி நூறு சுவிட்சுகளில் ஓட்டலாம். ஒரு போர்ட்டின் நிலையை அறிய ‘ஷோ’ கட்டளைகளுக்கு ஈடான திரையை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. மாற்றும்போதுதான் சிக்கல்.

சிஸ்கோ ஐஓஎஸ் ஓடும் சாதாரண லேயர்-2 சுவிட்ச் ஒன்று கிளை அலுவலகத்தில் இருக்கிறது. முகவரி 192.168.10.2, கேட்வே 192.168.10.1. புதிய திட்டப்படி முகவரி 192.168.20.2 ஆகவும், கேட்வே 192.168.20.1 ஆகவும் மாற வேண்டும். ரவுட்டரில் புதிய சப்நெட் தயாராக இருக்கிறது. தலைமை அலுவலகத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியே நுழைந்து, கான்ஃபிக் மோடுக்குப் போய், வீலான் இன்டர்ஃபேஸில் புதிய முகவரியையும் 255.255.255.0 என்ற மாஸ்க்கையும் அடித்து என்டர் தட்டுகிறோம். அத்தோடு திரை உறைந்துவிடுகிறது. பிழைச் செய்தி வராது, எச்சரிக்கையும் வராது. டிசிபி இணைப்பு இரு முனைகளின் முகவரிகளையும் போர்ட் எண்களையும் வைத்தே நிற்பது. அதில் ஒரு முகவரி இப்போது உலகில் இல்லை. கேட்வேயை மாற்றும் கட்டளையோ இன்னும் அடிக்கப்படவே இல்லை. புதிய முகவரிக்கு எஸ்எஸ்எச் போட்டால் பாக்கெட் சுவிட்சுக்குப் போய்ச் சேரும். பதில் திரும்பாது, ஏனென்றால் சுவிட்ச் நம்பியிருக்கும் கேட்வே பழைய சப்நெட்டில் கிடக்கிறது.

சரி, கேட்வேயை முதலில் மாற்றினால்? பழைய முகவரியில் நிற்கும் சுவிட்சுக்கு எட்டாத இடத்தில் கேட்வே போய் உட்கார்ந்துகொள்ளும். பதில் பாக்கெட்டுக்கு அப்போதும் வழியில்லை. இரண்டு வரிகளையும் சேர்த்துப் பேஸ்ட் செய்தால்? இரண்டாவது வரி அதே பாக்கெட்டில் போய்ச் சேர்ந்திருந்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் இல்லை. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டும் இந்த வேலையைத்தான் கருவியின் நேர்மை என்று புகழ்கிறார்கள்.

அதன்பின் நடப்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். மாற்றத்தைச் சேமிக்கவில்லை என்பதால் சுவிட்சின் மின்சாரத்தை அணைத்துப் போட்டால் பழைய நிலை திரும்பிவிடும். அதற்கு அங்கே ஆள் வேண்டும். இத்தகைய மாற்றங்களை வேலை நேரம் முடிந்த பிறகுதானே செய்கிறோம். அந்த நேரத்தில் அலுவலகம் பூட்டிக் கிடக்கும், ரேக் சாவி யாரிடம் என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. அதே சப்நெட்டில் இருக்கும் ரவுட்டருக்குள் நுழைந்து அங்கிருந்து சுவிட்சுக்குத் தாவலாம், ரவுட்டர் நம் கையில் இருந்தால். பல கிளைகளில் அது இணைப்பு கொடுக்கும் கம்பெனியின் கையில் இருக்கிறது.

சிஎல்ஐ பக்தர்கள் இங்கே ஒரு மாற்று மருந்தை எடுத்து நீட்டுவார்கள்: மாற்றுவதற்கு முன் ‘ரீலோட் இன் 10’ என்று அடித்துவிடு, பத்து நிமிடத்தில் நீ ரத்து செய்யாவிட்டால் சுவிட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய கான்ஃபிகரேஷனுக்குப் போய்விடும். பலரைக் காப்பாற்றிய உபாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் விலையைப் பாருங்கள். ஒரு முகவரியைத் திரும்பப் பெற முழு சுவிட்சும் அணைகிறது. அதிலிருந்து பிஓஇ மின்சாரம் எடுக்கும் ஐபி போன்கள், கேமராக்கள், வைஃபை ஆக்சஸ் பாயின்ட்கள் எல்லாம் கூடவே விழுகின்றன. நேற்று வேறொருவர் செய்து சேமிக்க மறந்த மாற்றமும் காணாமல் போகிறது. எல்லாம் நல்லபடியாக முடிந்த மகிழ்ச்சியில் ரத்து செய்ய மறந்தாலோ, வேலை செய்துகொண்டிருந்த சுவிட்ச் காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறது. இன்னொரு உபாயம், கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதி சுவிட்சுக்குள் ஏற்றி, அங்கிருந்து ரன்னிங் கான்ஃபிகரேஷனில் ஒரே மூச்சில் சேர்ப்பது. இணைப்பு அறுந்தாலும் சுவிட்ச் ஃபைலை முடித்துவிடும். இது வேலை செய்கிறது என்பதே என் வாதம்: ஒவ்வொரு வரியையும் என்டர் தட்டியவுடன் செய்து முடிக்கும் பழக்கத்தைச் சுற்றிக்கொண்டு போனால்தான் பாதுகாப்பு கிடைக்கிறது.

அந்தப் பழக்கம் தவிர்க்க முடியாத ஒன்றா என்றால், இல்லை. ஜூனிபரின் ஜூனோஸும் கட்டளை வரிதான். அங்கே நாம் அடிப்பதெல்லாம் முதலில் ஒரு வரைவில் சேர்கிறது. இப்போது இருப்பதற்கும் வரைவுக்கும் என்ன வித்தியாசம் என்று வரி வரியாகப் பார்க்கலாம். முகவரியும் ரூட்டும் ஒன்றாகவே அமலுக்கு வரும். ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்று கொடுத்தால் பத்து நிமிடம் காத்திருக்கும். அதற்குள் நாம் மறுபடி உள்ளே வந்து உறுதிசெய்யாவிட்டால், எதையும் ரீஸ்டார்ட் செய்யாமல் பழைய கான்ஃபிகரேஷனுக்குத் திரும்பிவிடும். ஜூனோஸிலும் பொறிகள் உண்டு. புதிய முகவரியைக் கொடுத்தால் பழையது தானாகப் போகாது, இரண்டும் நிற்கும். ஐஓஎஸ்ஸிலிருந்து வருபவர்கள் அதில் இடறுகிறார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு இணையான பரிசோதனை வேறு இல்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கருவி முன்கூட்டியே பார்க்கலாம். புதிய முகவரியில் நம்மால் அதை எட்ட முடியுமா என்பதை முன்கூட்டி அறிய அதற்கு வழியில்லை. நாம் திரும்பி வருவதுதான் அதற்கான ஒரே சான்று. மைக்ரோடிக் ரவுட்டரில் கன்ட்ரோல்-எக்ஸ் தட்டினால் சேஃப் மோடு. இணைப்பு அறுந்தால் அதுவரை செய்தவற்றைத் தானே அவிழ்த்துவிடும். உபுன்டு லினக்ஸின் ‘நெட்பிளான் ட்ரை’ 120 விநாடி காத்திருந்து, நாம் என்டர் தட்டாவிட்டால் பழையதை மீட்கும்.

இதே லினக்ஸில் நேரடி ‘ஐபி’ கட்டளையின் கதை வேறு. முகவரிக்குப் பின்னால் /24 போட மறந்தால் அது முணுமுணுக்காமல் /32 என்று எடுத்துக்கொள்ளும். பழைய ‘இஃப்கான்ஃபிக்’ இன்னும் துணிச்சலானது. மாஸ்க் கொடுக்காவிட்டால், 1990-களிலேயே கைவிடப்பட்ட ஏ, பி, சி வகுப்புக் கணக்கை வைத்து 10-ல் தொடங்கும் முகவரிக்கு 255.0.0.0 என்று தானே முடிவுசெய்துவிடும். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் செய்கிறது என்பவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

மாற்றங்கள் வரி வரியாக உடனே அமலாகும் குறை நேற்று தெரிந்ததல்ல. 2002-ல் இன்டர்நெட் ஆர்க்கிடெக்சர் போர்டு நெட்வொர்க் நடத்துபவர்களையும் நெறிமுறை வகுப்பவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டபோது, மாற்றங்கள் முழுதாக நடக்க வேண்டும் அல்லது நடக்கவே கூடாது என்ற தேவையும் பட்டியலில் வந்தது. அதன் தொடர்ச்சியாக 2006-ல் வெளியான நெட்கான்ஃப் நெறிமுறையில், 600 விநாடிக்குள் உறுதிசெய்யாவிட்டால் மாற்றத்தைத் திரும்பப் பெறும் வசதி எழுதப்பட்டே இருக்கிறது. சிஸ்கோவே தன் பெரிய ரவுட்டர்களில் ஓடும் ஐஓஎஸ் எக்ஸ்ஆரில் கமிட் முறையைக் கொடுத்திருக்கிறது. சாதாரண ஐஓஎஸ்ஸிலும் ஆர்க்கைவ் வசதியை அமைத்துக்கொண்டால் ‘ரிவர்ட் டைமர்’ வைத்து கான்ஃபிக் மோடுக்குள் நுழையலாம். இதை முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் வகுப்பை நான் பார்த்ததில்லை. முகவரி அடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், பிங் போட்டுக் காட்டுகிறார்கள், சேமிக்கச் சொல்கிறார்கள். மாணவர் உட்கார்ந்திருப்பது கன்சோல் கேபிளின் முனையில். அங்கே எந்த முகவரியை எப்படி மாற்றினாலும் திரை உறையாது. அந்தப் பழக்கத்தோடு அவர் வேலைக்கு வந்து, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சுவிட்சைத் தொடுகிறார்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரத்துக்கும் மேல் காணாமல் போனது. பேக்போனின் கொள்ளளவை அளப்பதற்காகக் கொடுத்த ஒரு கட்டளை எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டது. அத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கை மென்பொருளில் பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. சரிசெய்ய வேண்டியவர்களுக்கும் உள்ளே போக வழியில்லாமல், டேட்டா சென்டர்களுக்கு நேரில் ஆள் போக வேண்டியிருந்தது. முகவரி மாற்றத்தைவிட எத்தனையோ மடங்கு பெரிய விஷயம், ஒப்பிடுவது முழு நியாயமில்லை என்று சொல்லலாம். எனக்கு இரண்டும் ஒரே நோயாகத்தான் தெரிகிறது. முன்னால் நிற்கும் காவல் தவறும். பின்னால் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உலகின் தேர்ந்த பொறியாளர்களை வைத்திருக்கும் இடத்திலேயே இது நடக்கிறது. அப்படியிருக்க, தலைமை அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் இளைஞரிடம் “கவனமாக அடித்திருக்க வேண்டும்” என்று சொல்வதை நான் அறிவுரையாக ஏற்க மாட்டேன். கருவி செய்ய வேண்டிய வேலையை அவர் தலையில் கட்டுவது அது.

ஐஓஎஸ் எச்சரிக்கத் தெரியாத மென்பொருளும் அல்ல. ரீலோட் என்றால் உறுதிதானா என்று கேட்கும். சேமித்த கான்ஃபிகரேஷனை அழிக்கச் சொன்னால் கேட்கும். ஒரு பயனர் பெயரை நீக்கச் சொன்னால்கூடக் கேட்கும். நாம் எந்த முகவரி வழியாக உள்ளே வந்திருக்கிறோம் என்பதும் அதன் டிசிபி பட்டியலில் இருக்கிறது. அந்த முகவரியை மாற்றும்போது மட்டும் ஒரு சொல்லும் கேட்பதில்லை. சுவிட்ச் வாங்கும் டெண்டரில் போர்ட் எண்ணிக்கையும் பிஓஇ வாட் கணக்கும் தவறாமல் எழுதுகிறோம். உறுதிசெய்யாத மாற்றத்தை ரீஸ்டார்ட் இல்லாமல் தானே திரும்பப் பெற வேண்டும், அந்த வசதி பெட்டியைப் பிரிக்கும்போதே இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி சேர்த்தால், அந்த வசதியைத் தராத கம்பெனிகள் அடுத்த வெர்ஷனிலாவது கொண்டுவந்துதான் ஆக வேண்டும்.