115 பக்கங்களும் ஒரு சொல்லும்

இலக்கியப் பகுதியிலே காற்பந்தாட்டத்திற்கு என்ன வேலையென்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சொல்லின் பொருளை ஆராய்வது திறனாய்வாயின், ஒரே சொல்லைத் துருவித் துருவி ஆராய்ந்து 115 பக்கங்களில் எழுதப்பெற்ற அறிக்கையும் திறனாய்வுக்கு உரியதேயாகும். 2011 டிசம்பர் 31ஆம் நாள் இங்கிலாந்துக் காற்பந்தாட்டச் சங்கம் வெளியிட்ட அவ்வறிக்கையையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

நிகழ்ச்சி இது. 2011 அக்டோபர் 15ஆம் நாள் ஆன்பீல்டு மைதானத்தில் லிவர்பூல் அணியும் மான்செஸ்டர் யுனைடெட் அணியும் மோதின. லிவர்பூல் இரசிகரின் கண்மணி லூயிஸ் சுவாரெஸ், உருகுவே நாட்டவர். எதிரணியின் பத்ரீஸ் எவ்ரா, செனகாலிற் பிறந்து பிரான்சிலே வளர்ந்த கறுப்பர். மூலை உதைக்காகக் காத்து நின்றபோது இருவருக்கும் ஸ்பானிய மொழியில் வாய்ச்சண்டை மூண்டது. தம்மை உதைத்த காரணத்தை எவ்ரா வினவ, நீ கறுப்பன் ஆதலால் என்னும் பொருள்பட விடை வந்ததென்பது அவர் முறையீடு. சுவாரெஸ் மறுத்தார். 'நெக்ரோ' என்ற சொல்லை ஒரே முறை சொன்னதாகவும், தம் நாட்டில் அது நண்பரை விளிக்கும் அன்புச் சொல்லென்றும் வாதித்தார்.

அன்புச் சொல்லாம்! இவ்விடத்தில் நம் தோட்டத்து வாசகர்கள் சற்றே நிற்க வேண்டும். 'கூலி' என்பது நம் சொல். உழைத்தவன் பெறும் ஊதியம் என்பதில் இழிவு யாதுளது? ஆயினும் அச்சொல்லே துரையின் வாயிற் புகுந்து வெளிவந்தபோது என்ன பொருள் பெற்றதென்பதை நம் பாட்டன்மார் நன்கு அறிவர். அகராதியை விரித்து, இது ஊதியத்தைக் குறிப்பதே என்று ஒரு துரை சமாதானம் கூறியிருப்பின் அவர்கள் ஏற்றிருப்பார்களா?

அறிக்கையின் சிறப்பு இங்கேதான் உள்ளது. விசாரணைக் குழுவினர் மூவரும் அகராதியோடு நின்றாரில்லை. தென்னமெரிக்க வழக்கறிந்த மொழிவல்லுநர் இருவரின் கருத்தைப் பெற்றனர். நட்பிடையே அச்சொல் அன்பாகவும் வழங்கும். எவ்ரா கூறியவாறு சண்டையிடையே வீசப்பட்டிருந்தால் உருகுவேயிலும் அது இழிசொல்லே என்றனர் வல்லுநர். ஆகவே கேள்வி சுருங்கிற்று: அவ்வேளையில் இருவரிடையே இருந்தது நட்பா, பகையா? சொற்களைக் கேட்ட நடுநிலைச் சாட்சி எவருமில்லை. படக்கருவிகள் இருந்தன. சுவாரெஸ் எவ்ராவின் கையைக் கிள்ளியது படத்தில் தெரிந்தது. சினத்தைத் தணிக்கவே கிள்ளியதாக எழுதிக் கொடுத்திருந்தவர், குறுக்கு விசாரணையில் அவ்வாறன்று என ஒப்ப நேர்ந்தது. (கிள்ளிச் சமாதானஞ் செய்யும் வழக்கம் உருகுவேயில் உண்டோவென்றும் வல்லுநரைக் கேட்டிருக்கலாம்!) எவ்ராவின் சொல்லே நம்பத்தக்கதென்றும், அவ்விழிசொல் 7 முறை வழங்கப்பட்டதென்றும் முடிவு செய்தனர். 8 ஆட்டத் தடையும் 40,000 பவுன் அபராதமும் விதிக்கப்பட்டன.

கிராணி வேலையில் நாம் பல விசாரணைக் குறிப்புகளைப் பிரதி எடுத்ததுண்டு. முறையிட்டவனின் சொல்லை ஒரே வரியில் தள்ளிவிடுவதே அவற்றிற் பெரும்பாலும் கண்டது. இருவர் வாய்மொழியையும் வரி வரியாக நிறுத்துப் பார்க்கும் ஓர் எழுத்தைப் படிக்கையில் நமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பானேன்?

சுவாரெஸ் இனவெறியர் என்று குழு தீர்ப்புரைக்கவில்லை. எவ்ராவும் அவ்வாறு சாட்டவில்லை. சொன்ன சொல்லுக்கே கணக்குக் கேட்டனர். கழகமோ அவர் உள்ளத்திற்குச் சாட்சி சொல்ல முற்பட்டது. அவருடைய பாட்டனார் கறுப்பர் என்று அறிக்கை விட்டது. தீர்ப்பு வந்த மறுநாள், டிசம்பர் 21இல், விகன் நகரத்து ஆட்டத்திற்கு முன் லிவர்பூல் ஆட்டக்காரர்கள் சுவாரெஸின் உருவம் பொறித்த சட்டையணிந்து நின்றனர். தீர்ப்பின் காரணங்கள் அன்று அச்சேறவேயில்லை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க. படிக்கு முன்பே மறுப்புரை! அதன் பயன் யாது? 2012 ஜனவரி 28ஆம் நாள் எவ்ரா மீண்டும் ஆன்பீல்டுக்கு வந்தபோது, பந்து அவர் காலை அடையுந்தோறும் கூட்டம் கூவி இகழ்ந்தது. பிப்ரவரி 11இல் சுவாரெஸ் அவர் கையைக் குலுக்க மறுத்தார். மறுநாள் மன்னிப்புக் கேட்டார். கை கொடாமைக்கே கேட்டார், சொல்லுக்கன்று. சட்டையணிந்தோரில் ஒருவரான ஜேமி கேரகர் தொலைக்காட்சியில் எவ்ராவிடம் நேரே மன்னிப்புக் கேட்டது 2019இல். எட்டு ஆண்டுகள்!

அறிக்கையின் குறையும் இதுவே. சுவாரெஸ் ஒருவரோடு அது நின்றுவிடுகிறது. அவரைச் சுமந்து நின்ற கழகம் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. தண்டனை அளவிலும் நமக்கு ஐயமுண்டு. இதையொத்த குற்றத்திற்கு 2012இல் ஜான் டெரிக்கு அதே சங்கம் விதித்தது 4 ஆட்டத் தடை, 220,000 பவுன் அபராதம். ஆட்டத்திற் பாதி, பணத்தில் ஐந்து மடங்குக்கு மேல். இது எந்தத் தராசு?

2014இல் சக ஆட்டக்காரர்கள் சுவாரெஸை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தனர். அவர் கால்வன்மைக்கு அது தகும். அவ்வாண்டே வெளிவந்த தன்வரலாற்றில் அவர் பழைய வாதத்தையே பிடித்து நிற்கிறார். நம் தோட்டங்களிலும் நகரங்களிலும் லிவர்பூல் சட்டையணியும் இளைஞர்கள் பலர் அந்நூலை விரும்பிப் படிக்கக்கூடும். படிக்கட்டும், அறிக்கையையும் உடன் வைத்துப் படிக்கட்டும். ஆங்கிலம் அறிந்த தோழர் ஒருவர் மொழிவல்லுநர் பகுதியையாவது தமிழாக்கித் தருவாரானால், அதை நம் வாசகசாலைகளிற் படித்துக் காட்ட நாம் ஏற்பாடு செய்வோம்.