ஐப்பசிக் கொடுவா

வாடைக்காலம் என்றால் வஞ்சிரம்தான் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. படகுக்குப் பின்னால் ரப்பாலா பொய்யிரையை இழுத்துக்கொண்டு போய், ரீல் அலறியதும் எழுந்து நிற்பது தனிச் சுகம். பாறை மீனுக்குப் பாப்பர் வீசித் தோள்பட்டையைக் கழற்றிக்கொள்பவர்களும் நல்லவர்களே. ஆனால் வன்னி வெள்ளம் என்கிற நீரோட்டம் தெற்கே ஓடத் தொடங்கி, 30 டிகிரியை ஒட்டிக் கிடந்த கரைக்கடல் மெல்லக் குளிரும் ஐப்பசியில், எனக்குக் கோவளம் முகத்துவாரமும் கொடுவாவும் போதும்.

மழையில் முட்டுக்காட்டுக் கழி நிரம்பி மணல்திட்டு உடைந்ததும், சினை மடவைகள் கடலுக்கு இறங்கும். கொடுவா அங்கேயே காத்துக் கிடக்கும். மேலே ஓடும் செம்மண் கலங்கலைப் பார்த்துவிட்டு ராடைச் சுருட்டுகிறவர்கள், கனத்த உப்புத்தண்ணீர் அடியில் நுழைவதை மறந்துவிடுகிறார்கள். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் அந்த அரைமணி நேரத்தில், நிறம் மாறும் கோட்டுக்குக் கீழே இரையை இறக்க வேண்டும்.

அங்கே ஒரு பெரியவர் வருவார். கட்டையில் சுற்றிய தங்கூசி, சின்ன ஈயம், முதுகில் முள் கோத்த மடவைக்குஞ்சு, இவ்வளவுதான் சாமான். நான் பார்ப்பது அவருடைய ஆள்காட்டி விரலைத்தான். தங்கூசி அதன் முதல் கணுவில் படிந்திருக்கும். குஞ்சு சும்மா துடிப்பது வேறு, கொடுவாவைக் கண்டு வெலவெலப்பது வேறு. அந்த விரலுக்கு இரண்டும் தெரியும். கொடுவா இரையைக் கவ்வுவதில்லை, தண்ணீரோடு உறிஞ்சுகிறது. அந்த ‘டப்’பிலேயே சுண்டிவிட்டு வெறும் முள்ளோடு நிற்பவர்கள் நம்மில் பலர். அவரோ விரலைத் தாழ்த்தி ஒரு முழம் விட்டுக்கொடுப்பார். மீன் திரும்பும். அப்புறம்தான் மணிக்கட்டு அசையும். அது துள்ளித் தலையை உதறினால், செவுள் மூடியின் கூரில் தங்கூசி அறுபடாதபடி கை தண்ணீர் மட்டத்துக்கு இறங்கிவிடும். எந்த விலை ராடும் இந்த இரண்டு தாழ்த்தலையும் கற்றுத் தராது.

இப்போது வருகிறவர்களுக்குப் பெரிய மீனோடு படம் வேண்டும். கொடுவா ஆணாக வளர்ந்து பின்னால் பெண்ணாகிற மீன். பெரியதெல்லாம் தாய், அதைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். மணல்திட்டும் மழைக்குக் காத்திருப்பதில்லை. பொக்லைன் வந்து வெட்டிவிடுகிறது. வெள்ள பயம் நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் நாள்கணக்கில் வடிந்த கழி ஒரே மூச்சில் வடிந்தால், மடவையும் அதே மூச்சில் போய்விடுகிறது.

“கொடுவாதான் வருஷம் முழுக்கக் கிடைக்கிறதே” என்பார்கள். உண்மை. அதே முட்டுக்காட்டில்தான் சிபா என்கிற உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1997இல் அதைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்தார்கள், பெரிய சாதனை. பண்ணை மீனை நானும் வாங்குகிறேன். வறுத்தால் தீவனக் கொழுப்பு வழிகிறது, ஓடிப் பழகாத சதை தொளதொளக்கிறது. சாப்பிடலாம், தப்பில்லை. அதை ஐப்பசிக் கொடுவா என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.