ஒரு மாலையில் ஜப்பான்

பொத்தேரி ஸ்டேஷனில் மாலை ரயில் நின்றதும் மேம்பாலத்தில் ஏறுகிற கூட்டத்தில் தமிழுக்கு முன்பாகத் தெலுங்கு காதில் விழும், இந்தி விழும். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருப்பார்கள். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலை தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள். ஜப்பானும் கொரியாவும் இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு அட்லஸில் மட்டும் இருக்கிற நாடுகள் இல்லை. சம்பளச் சீட்டிலும் இருக்கின்றன.

ஆனால் வீட்டுக்குள் அந்த நாடுகள் நுழைகிற வழி வேறு. கூடுவாஞ்சேரிக்கும் மறைமலை நகருக்கும் நடுவே முளைத்திருக்கும் அடுக்ககங்களில் கோடை விடுமுறை வந்துவிட்டால், “இன்னைக்கு ஜப்பான் டே” என்று ஒரு மாலை ஒதுக்கப்படும். காகிதக் கொக்கு மடிப்பது, வெள்ளைத் தாளில் சிவப்பு வட்டம் போட்டுக் கொடியாக்குவது, குச்சியால் நூடுல்ஸ் சாப்பிட முயல்வது. நடுவே ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பார்கள். மறுநாள் பிரேசில்.

இதைக் கிண்டல் செய்வது எளிது. ஆனால் பிள்ளை நாலு மணி நேரம் அலைபேசியை விட்டு விலகி, அம்மா அப்பாவோடு தரையில் உட்கார்ந்து கையால் ஒரு வேலை செய்தது என்பதே பெரிய லாபம் என்று சொல்லும் பெற்றோரின் பேச்சில் நியாயம் இருக்கிறது. கோளாறு இருப்பது அவசரத்தில். அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் 1989-ல் தன் குழுவினரோடு கொண்டுவந்த நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: சுற்றுலாப் பாடத்திட்டம். பயணி பஸ்ஸிலிருந்து இறங்கி, சாப்பாட்டையும் உடையையும் பண்டிகையையும் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பஸ் ஏறிவிடுவதைப் போன்ற படிப்பு. அவர் சொன்னது பள்ளிகளைப் பற்றி. நாற்பது பிள்ளைகளையும் ஒரு பீரியடையும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வேறென்ன செய்யும்? வீட்டுக்கு அந்த நெருக்கடி கிடையாது. ஒரே காரியத்தை நாற்பது நாளும் திரும்பச் செய்ய வீட்டால் முடியும். அந்த வசதியை விட்டுவிட்டுப் பள்ளிக் கண்காட்சியைக் கூடத்துக்கு இழுத்து வருவதுதான் புரியாத சங்கதி.

கொரியாவின் ‘கொங்கி’ ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து சிறு கற்கள். ஒன்றை மேலே போட்டு, அது விழுவதற்குள் கீழே கிடப்பதை ஒவ்வொன்றாக அள்ள வேண்டும், அடுத்து இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், பிறகு நான்கும் சேர்த்து. கடைசியில் ஐந்தையும் வீசிப் புறங்கையில் ஏந்தி, மறுபடி வீசி உள்ளங்கையில் பிடித்தால்தான் கணக்கில் சேரும். படிக்கும்போதே எந்தப் பாட்டிக்கும் விரல் துடிக்கும்: இது நம் அஞ்சாங்கல். 2024 டிசம்பரில் வந்த ‘ஸ்க்விட் கேம்’ கொரியத் தொடரின் இரண்டாம் பாகத்தில் இந்த ஆட்டம் வருகிறது. தொடரைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது. ஆட்டத்தைத் தாராளமாகக் காட்டலாம். புறங்கையில் ஐந்து கல் நிற்க ஒரு மாலை போதாது. கற்கள் சிதறி, மறுநாளும் சிதறி, பத்தாம் நாள் நின்றால், கொரியப் பிள்ளையின் விரல் பட்ட பாட்டை இந்தப் பிள்ளையின் விரலும் பட்டிருக்கும். கொடிக்கு வர்ணம் அடிப்பதில் அது கிடைக்காது.

‘நம்ம மாதிரியே’ என்ற மகிழ்ச்சியில் ஒரு பள்ளமும் இருக்கிறது. மார்ச் 3 அன்று ஜப்பானில் ஹினமட்சுரி. பெண் குழந்தைகளின் நலனுக்காக வீட்டில் பொம்மை வைக்கிறார்கள். முழு வரிசை என்றால் சிவப்புத் துணி விரித்த ஏழு படி. தமிழ் வீட்டுக் குழந்தை பார்த்தவுடன் “கொலு!” என்று கத்தும். பெரும்பாலான வீடுகளில் பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது. உண்மையில் அங்கேதான் அது தொடங்க வேண்டும். ஹினா படியில் உச்சியில் பேரரசரும் பேரரசியும். அடுத்து மூன்று பணிப்பெண்கள். அதற்கும் கீழே ஐந்து இசைக்கலைஞர்கள். அரண்மனை வரிசை அப்படியே இருக்கும், இடம் மாறாது. நம் கொலுவிலோ தசாவதாரத்துக்குக் கீழே செட்டியார் கடை போட்டிருப்பார், பக்கத்தில் கிரிக்கெட் டீம் நிற்கும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நம் வீட்டில் சுண்டல் வாங்க ஊரே வந்து போகும். அங்கே நாள் கழிந்ததும் பொம்மைகளைச் சட்டென்று எடுத்து வைக்காவிட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்றொரு நம்பிக்கை உண்டு. பத்து வயதுப் பெண்ணிடம் இதைச் சொன்னால், “அங்கேயும் இதே கவலைதானா?” என்று கேட்டாலும் கேட்பாள். அந்தக் கேள்விக்கு எந்த யூடியூப் காணொளியிலும் செய்முறை இல்லை.

வீட்டுப் பாடத்தின் பெரிய பலவீனம், தவறு செய்தால் திருத்த ஆளில்லை என்பது. அந்த ஜப்பான் மாலைப் படங்களில் சில சமயம் ஒரு காட்சி தட்டுப்படும்: கிண்ணம் நிறையச் சோறு, அதில் செங்குத்தாக நட்ட இரண்டு குச்சிகள். படத்துக்கு அழகுதான். ஜப்பானில் அது இறந்தவருக்குப் படைக்கிற முறை. பிறந்தநாள் விருந்தில் வாய்க்கரிசி போட்டதற்குச் சமம்.

மற்றவர்கள் நம்மை இப்படி மேலோட்டமாகப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. ரஜினியின் ‘முத்து’ 1998-ல் ஜப்பானுக்குப் போனபோது அங்கே வைத்த துணைத்தலைப்பு ‘ஆடும் மகாராஜா’. படம் டோக்கியோவில் சக்கைப் போடு போட்டது, நாமும் பெருமைப்பட்டோம். ஆனால் அதை மட்டும் பார்த்த ஜப்பானியச் சிறுவனுக்குத் தமிழ்நாடு என்பது குதிரை வண்டியும் பாட்டும்தான். வண்டலூரில் சிக்னலுக்காகக் காத்திருக்கும் அப்பாவுக்கு அந்தப் படத்தில் இடமில்லை.

கதைப் புத்தகம் இங்கேதான் கைகொடுக்கிறது. டெட்சுகோ குரோயாநாகி 1981-ல் எழுதிய ‘டோட்டோ-சான்’ தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகக் கிடைக்கிறது. அதில் டோமோயி பள்ளித் தலைமையாசிரியர் கோபயாஷி, சாப்பாட்டு டப்பாவில் கடலிலிருந்து ஒன்றும் மலையிலிருந்து ஒன்றும் இருக்க வேண்டும் என்பார். ஏதாவது குறைந்தால் அவர் மனைவி சட்டியிலிருந்து எடுத்துப் போடுவார். இதை ஒரு வாரம் வீட்டில் செய்து பார்க்கலாம், காசும் ஆகாது. மலைக்கு ஊட்டி உருளைக்கிழங்கு, கடலுக்கு நெத்திலிக் கருவாடு. சைவ வீடுகள் திங்கட்கிழமையே மாட்டிக்கொள்ளும். உப்பும் கடலில் இருந்துதானே வருகிறது என்று வாதாடும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் தரலாம். புத்தகத்தின் கடைசியில் அந்தப் பள்ளி 1945 குண்டுவீச்சில் எரிந்துபோகிறது. கிமோனோவும் புல்லட் ரயிலும் இல்லாத அந்த ஜப்பானில், மதியம் பசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆப்பிரிக்கா என்று வந்தால் வீட்டுப் பாடம் இன்னும் மெலிந்துவிடுகிறது: சிங்கம், முகமூடி, மேளம். நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி, அமெரிக்கக் கல்லூரியில் தன் அறைத்தோழி ‘உங்கள் பழங்குடி இசையைக் கேட்கலாமா’ என்று கேட்டதையும், தான் எடுத்துக் காட்டியது மரியா கேரி கேசட் என்பதையும் 2009-ல் ஓர் உரையில் சொன்னார். பொத்தேரிக்குப் படிக்க வருகிற பிள்ளைகளிடம் நாமும் அந்தத் தோழியைப் போலவே மேளத்தைத் தேடுகிறோம்.

மேளத்தைத் தேடாமல், பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இறக்கினால் போதும். கானாவின் ‘ஒவாரே’யும் குழியில் விதை போட்டு எடுக்கிற ஆட்டம்தான். நமக்குப் பதினான்கு குழி, அவர்களுக்குப் பன்னிரண்டு; குழிக்கு நாலு விதை. நம் ஆட்டத்தில் குழியில் நாலு சேர்ந்தால் பசு என்று குழிக்காரர் எடுத்துக்கொள்வார். அவர்களுக்கோ, கடைசி விதை விழும்போது எதிராளியின் குழியில் இரண்டோ மூன்றோ ஆனால்தான் எடுக்கலாம். அந்த விதி தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்தால், மூன்றாவது சுற்றுக்குள் “அது போங்கு!” என்று பிள்ளை எழுந்து நிற்கும்.