பூட்டிய பையும் கேட்கும் செவியும்

மேலைநாட்டு அரங்குகள் சிலவற்றின் வாயிலில் இப்போது ஒரு புதுவழக்கம் நிலவுகின்றது. நுழைவோர் தம் கைப்பேசியைச் சிறு பையொன்றில் இடவேண்டும். காவலர் அதனைக் காந்தப்பூட்டால் பூட்டி அவர் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார். வெளியேறும்போது அதற்கென வைத்துள்ள கருவியில் வைத்தாலன்றிப் பை திறவாது. 2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய யாண்டர் நிறுவனத்தின் ஏற்பாடு இது. நகைச்சுவையாளர் டேவ் சப்பெல் 2015லும், இசைவாணர் ஜாக் ஒயிட் 2018லும், முதுபெரும் பாடகர் பாப் டிலன் 2022லும் இதனைக் கைக்கொண்டனர்.

நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. நகைச்சுவையாளன் ஒருவன் இன்னும் பதம் பாராத சொல்லை அவையில் சோதித்துப் பார்க்கின்றான். அதனை எவரோ படமெடுத்து ஊரெல்லாம் பரப்பிவிட்டால், அரைவேக்காட்டுச் சோற்றைப் பந்தியில் வைத்ததாக முடியும். பின்வரிசையில் இருப்போர் முன்வரிசைக் கைகளின் ஊடே மேடையைத் தேடும் அவலமும் உண்டு.

ஆயினும் பையால் ஆகக்கூடியது எவ்வளவு? ஒலி செவியில் விழுவதை அரபியில் 'ஸமாஉ' என்பர்; நாடி முயன்று செவிதாழ்த்துவதை 'இஸ்திமாஉ' என்பர். வேர் ஒன்றே; பின்னதில் கேட்பவனின் நாட்டமும் கலந்துள்ளது. கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும் செவியில் விழும் ஓசையையா கருதினார்? பை தடையை நீக்கும், நாட்டத்தைத் தாராது.

இவ்விடத்தில் அமெரிக்க உளவியலறிஞர் லிண்டா ஹெங்கல் 2014ல் வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்தோர், வெறுமனே கண்டோரைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தனர். ஆனால் ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தவர்க்கு அந்த நினைவிழப்பு நேரவில்லை. குற்றம் கருவியினுடையதா, கவனத்தினுடையதா என்னும் வினாவுக்கு இதுவே பாதி விடை.

மீதிப் பாதியை இலண்டனில் காண்கின்றோம். 35 ஆண்டுகள் மேடைக் கச்சேரிகளை நடத்தாதிருந்த பாடகி கேட் புஷ், 2014ல் ஹாம்மர்ஸ்மித் அரங்கில் 22 இரவுகள் பாடினார். படமெடுக்க வேண்டா, தாம் நாடுவது அவையோருடன் உறவையே அன்றிக் கருவிகளுடன் அன்று என்று முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். பூட்டில்லை, பையில்லை, அவையோர் பெரும்பாலும் அவ்வேண்டுகோளை மதித்தனர். அத்துணை ஆண்டுகள் காத்திருந்த அவை எல்லாக் கலைஞர்க்கும் வாய்க்காது என்பார் உளர், மெய்தான். எனினும் கேட்டுப் பார்க்கும் முன்னரே பூட்டுவது அவையோரைச் சிறுபிள்ளைகளாக எண்ணுவதாகும். நோயுற்ற குழந்தையை வீட்டில் விட்டு வந்த தாய், ஒரு செய்தி அறிய இருக்கை விட்டெழுந்து வெளிக்கூடத்துக்குச் சென்று பையைத் திறப்பிக்க வேண்டியிருக்கின்றதே!

ஜாக் ஒயிட் செய்த ஒன்றை மட்டும் நாம் பாராட்டுவோம். தம் புகைப்படக்காரர் எடுத்த படங்களை இரசிகர்கள் எடுத்துப் பகிர்ந்துகொள்ள வழிசெய்தார். கேட் புஷ்ஷின் அவ்விரவுகளும் 2016ல் ஒலிப்பதிவாக வெளிவந்தன. வாங்கிக் கேட்டவர்களுள் அன்று அவ்வரங்கில் வெறுங்கையோடு அமர்ந்திருந்தோரும் இருந்திருப்பர்.