உடன் நடந்த தங்கை

காலாற நடந்தால் கதை வரும் என்று நண்பர் ஒருவர் உபதேசித்தார். ஒரு மாதம் வயல் வரப்பில் நடந்து பார்த்தேன். காலில் நெருஞ்சி முள் தைத்ததுதான் மிச்சம்.

இந்தக் கட்சிக்காரர்கள் வேர்ட்ஸ்வொர்த்தைச் சாட்சிக்கு இழுப்பார்கள். 1802 ஏப்ரல் 15ஆம் தேதி, இங்கிலாந்தின் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அவர் டாஃபடில் பூக்களைக் கண்டது வாஸ்தவம். ஆனால் அந்தப் பூக்களைப் பற்றிய கவிதை நடந்த சூட்டில் எழுதியதல்ல, 1807இல்தான் அச்சேறியது. அதில் இரண்டு வரிகள் மனைவி மேரி தந்தவை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

உடன் நடந்த தங்கை டாரதி, சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லைத் தலையணையாக்கிச் சாய்ந்திருந்ததைக்கூட விடாமல் நாட்குறிப்பில் எழுதி வைத்தாள். கவிதையிலோ அண்ணா தன்னந்தனியாக நடக்கிறார்! கவிக்கு அந்த உரிமை உண்டாம், இருக்கட்டும். கதை எழுதுகிற எனக்கு அந்தத் தங்கை வேண்டும், அந்தக் கல்லும் வேண்டும். கவிதையில் இரண்டையும் காணோம்.